வழிநூலும் அச்சமும்: திகிலாட்டங்களின் இரண்டாம் பாகம் குறித்து ஓர் ஆராய்ச்சி

முன்னர்த் தோன்றிய ஒரு படைப்பின் சுவையில் ஈடுபட்டோர் அதனை மீண்டும் பெற விழைதலும், அவ்விழைவு பற்றிப் பின்னர் ஒரு படைப்புத் தோன்றுதலும் தொன்றுதொட்டு நிகழ்வன. நகையும் பெருமிதமும் இங்ஙனம் மறுமுறை வருங்கால் தம் பயனைப் பெரும்பாலும் இழப்பதில்லை. அச்சம் ஒன்றே இடர்ப்படுகின்றது. ஒருமுறை அஞ்சியவனை அதே பொருளால் மறுமுறையும் அஞ்சுவித்தல் கூடுமோ என்னும் வினா, இக்காலத்தில் 'வீடியோ கேம்' என இளைஞர் வழங்கும் ஆட்டங்களில் மிகுதியாக எழுகின்றது. அவற்றுள் திகிலை நோக்கமாகக் கொண்டவை 1990-களின் பிற்பகுதி முதல் இரண்டு, மூன்று, ஏழு, எட்டு எனத் தொடர்ந்து வெளிவந்தவண்ணம் உள்ளன. சில முதலாட்டத்தை விஞ்சின, பல ஏமாற்றின. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தமிழ் இலக்கணையர் வகுத்த நெறி கொண்டு ஆராய்தல் ஈண்டு நோக்கமாகும்.

இத்தகைய பொருள் தமிழாராய்ச்சிக்கு உரியதோ எனச் சிலர் ஐயுறலாம். மெய்ப்பாட்டியல் தானும் கூத்தொடு பிறந்ததே. அதன் உரையாசிரியர்கள் செயிற்றியனார் முதலிய நாடகநூலாரின் கருத்துகளைத் தழுவியே உரை செய்கின்றனர். கூத்தரங்கு திரையரங்காகிப் பின் வீட்டுத் திரையாகிய இந்நாளில், அவ்விலக்கணத்தை ஏட்டளவில் நிறுத்திவிட்டு, ஆடுகளத்தை மேலைநாட்டுத் திறனாய்வாளர்க்கு விட்டுவிடுதல் நமக்கு அழகன்று. மற்றொரு காரணமும் உண்டு. நெய்வேலி நகரியத்தில், கல்லூரி விடுமுறைக்கு வந்த மாணவர் சிலர் இவ்வாட்டங்களைப் பற்றி உரையாடுவதை அருகிருந்து கேட்கும் வாய்ப்பு எனக்குப் பலகால் நேர்ந்தது. முதற்பாகம் பயமாக இருந்தது என்றும், இரண்டாம் பாகம் பிரமாண்டமாக இருந்தது என்றும் அவர்கள் கூறினர். பிரமாண்டம் என்பதை அவர்கள் புகழ்ச்சியாகக் கூறவில்லை, குறையாகவே கூறினர். அவ்விரு சொல்லுக்கும் இடைப்பட்ட வேறுபாடு தொல்காப்பியர் முன்னரே வகுத்துக் காட்டிய வேறுபாடாகும்.

மரபியலில் தொல்காப்பியர் நூலை முதல், வழி என இருவகைப்படுத்துகின்றார். வழிநூலை மீண்டும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாகப் பகுக்கின்றார். நன்னூலாரோ, முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது வழிநூல் என்கின்றார். இவை இலக்கணநூல் பற்றி எழுந்தன என்பது உண்மையே. எனினும் தொடர்ப் படைப்புகளுக்கும் இவ்வரையறை வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றது. ஆட்டநிறுவனங்கள் வெளியிடும் இரண்டாம் பாகங்களுட் பெரும்பாலன விரித்தல் வகையின. நிலம் விரியும், பகைவர் தொகை பெருகும், படைக்கலம் பலவாகும். ஒருவன் தனித்துச் சென்ற இடத்தில் இருவர் செல்வர். தொகுத்தல் வகையின மிகச் சில. பழைய ஆட்டத்தைப் புதிய பொறிக்கு ஏற்ப மீண்டும் ஆக்குவதை மொழிபெயர்ப்பு எனலாம். இப்பாகுபாட்டை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

மெய்ப்பாடு எட்டனுள் அச்சம் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கனைக் கூறுகின்றார். அணங்காவன பேயும் பூதமும் போல்வன. இறை என்றதனுள் அரசரேயன்றித் தந்தையும் ஆசிரியரும் அடங்குவர் என உரையாசிரியர் கொள்வர். இந்நான்கனுள் புதுமை இடம் பெறவில்லை. பெருமையும் இடம் பெறவில்லை. அவ்விரண்டும் மருட்கைக்கு உரியன. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கையின் நிலைக்களன்கள். மருட்கையாவது வியப்பு. ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாகத் திரிதல்.

இனி இரண்டாம் பாகங்களைப் படைப்போர் தம் ஆட்டத்திற்கு விளம்பரம் செய்யுங்கால் எவற்றைக் கூறுகின்றனர் என நோக்குக. புதிய பேய்கள், பெரிய நகரம், நுணுக்கமான காட்சி, உருமாறும் பகைவர் என்பனவே அவர்கள் கூறுவன. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற முறையும் வழுவாமல் மருட்கையின் நான்கு களனும் அங்கே நிற்கின்றன. அச்சம் விளைப்பதாகக் கருதி அவர்கள் வியப்பையே விளைக்கின்றனர். பிரமாண்டம் என்று மாணவர் கூறியது இதனையே.

இவ்விடத்து ஒரு கருத்தை மறுத்தல் வேண்டும். பழகிய பொருள் அஞ்சப்படாது, ஆதலின் இரண்டாம் பாகம் இயல்பாகவே அச்சத்தில் குறைவுபடும் என்பது பலரும் கூறுவது. நம் நாட்டு வழக்கு இதற்கு மாறானது. ஊர்ப்புறத்துப் புளியமரத்தை இரவில் அஞ்சுபவன் அவ்வூரான். வழிப்போக்கன் அதன் அடியிற் படுத்துறங்கி எழுந்து போவான். ஊரானுக்கு அம்மரம் பழகியது. அதனாலேயே அவன் அஞ்சுகின்றான். அணங்குடைய துறையும் மலையும் சங்கப்பாடல்களில் அவ்விடத்தார் அறிந்தனவாகவே பேசப்படுகின்றன. எனவே அச்சத்திற்கு அறிவு துணையேயன்றிப் பகையன்று.

நெய்வேலிச் சுரங்கம் இதற்குத் தெளிவானதோர் எடுத்துக்காட்டாகும். 1957 மே மாதம் 20-ஆம் நாள் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்த நாள்முதல் அந்நிலம் திறந்த சுரங்கமாக விரிந்து வருகின்றது. அதன் விளிம்பிற்கு வரும் விருந்தினர், சக்கரத்திற் பொருத்திய வாளிகளால் மேல்மண்ணை அகழ்ந்து செல்லும் பேரியந்திரத்தைக் கண்டு வாய்திறந்து நிற்பர். அது பெருமையும் புதுமையும் பற்றிய மருட்கை. அங்குப் பணிபுரிவோர் அவ்வியந்திரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்கள் கருத்தெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத வேறொன்றில் உள்ளது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அடைபட்ட நீர் மேல்நோக்கிய பேரழுத்தத்தோடு நிற்கின்றது. இரவும் பகலும் குழாய்க்கிணறுகளால் அதனை இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் நிலைபெறாது. வெட்டிக் குவித்த கரியும் காற்றுப்பட்டுத் தானே கனலும் இயல்புடையது. விருந்தினர் வியக்குமிடத்தில் தொழிலாளர் விழிப்போடு நிற்பதற்கு அவர்கள் அறிந்திருத்தலே காரணம்.

ஆயினும் அறிவு எல்லாம் அச்சத்தை வளர்க்கும் எனல் பொருந்தாது. பெருமிதத்தின் களன்களாகக் கூறப்பட்ட நான்கனுள் கல்வியும் தறுகண்மையும் உள்ளன. முதலாட்டத்தை ஆடி முடித்தவன் ஒரு கல்வியோடு இரண்டாம் ஆட்டத்திற்கு வருகின்றான். எப்பகைவனை எவ்வாறு வீழ்த்துவது, எவ்வொலிக்குப் பின் எது பாயும், எவ்விடத்தில் மருந்து கிடைக்கும் என்பனவற்றை அவன் கற்றுள்ளான். அதன்மேல் படைப்போர் மேலும் பல படைக்கலங்களை அவன் கையில் கொடுப்பராயின், அஞ்ச வந்தவன் பெருமிதம் கொண்டு திரும்புவான். ஆகவே அறிவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். ஒன்று பொருளின் இயல்பை அறிதல்; மற்றொன்று அதனை வெல்லும் வழியை அறிதல். முன்னது அச்சத்தை வளர்க்கும். பின்னது அதனைக் கெடுக்கும். முதலாட்டத்தில் ஆடுவோன் பெற்ற இவ்விரு அறிவினுள் முன்னதைப் பேணிப் பின்னதைப் பயனிலதாக்கும் வழிநூலே அஞ்சுவிக்க வல்லது என்பது என் துணிபு.

இதனை 'டெட் ஸ்பேஸ்' என்னும் ஆட்டவரிசையில் வைத்துக் காண்போம். 2008-இல் வெளிவந்த முதலாட்டத்தின் களம் இஷிமுரா என்னும் விண்கலம். அது கோள்களை உடைத்துக் கனிமம் எடுக்கும் சுரங்கக்கலம். தலைவன் ஐசக் கிளார்க் போர்வீரன் அல்லன்; பொறியாளன். அவன் கையிலுள்ள கருவிகளுட் பல சுரங்கத் தொழிலுக்கு உரியன. தொழிற்கருவியையே படைக்கலமாகக் கொள்ள நேர்ந்த ஒருவனின் இடர்ப்பாடு நெய்வேலி இளைஞர்க்கு எளிதில் விளங்குவதில் வியப்பில்லை. 2011-இல் வந்த இரண்டாம் ஆட்டம் பலவகையிலும் விரித்தலே. களம் பெரிதாயிற்று, முன்னர் வாய்திறவாதிருந்த தலைவன் பேசத் தொடங்கினான். அவ்விரிவின் நடுவே ஓர் அதிகாரத்தில் ஐசக் மீண்டும் இஷிமுராவிற்குள் செல்ல நேர்கின்றது. கலம் தூய்மை செய்யப்பட்டுள்ளது. சுவர்களில் பிளாஸ்டிக் விரிப்புகள் தொங்குகின்றன. நெடுநேரம் எப்பகைவனும் தோன்றுவதில்லை. முன்பு எங்கெங்கே எவை பாய்ந்தன என்பதை அறிந்த ஆடுவோன் ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று செல்கின்றான். அவன் கற்ற கல்வியே அவனை வருத்துகின்றது. முதலாட்டத்தை அறியாத ஒருவன் அவ்விடத்தை வெறும் நடைவழியாகக் கடந்துபோவான். வழிநூலால் மட்டுமே விளைக்கக்கூடிய அச்சம் இது. முதல்நூலால் இது இயலாது. 2013-இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில் துணைவன் ஒருவன் சேர்ந்தான். எல்லாப் படைக்கலங்களுக்கும் ஒரே வகைக் குண்டு பொதுவாயிற்று. ஆடுவோன் வேண்டியவாறு படைக்கலங்களைத் தானே இயற்றிக்கொள்ளவும் இடம் தரப்பட்டது. குண்டு தீருமோ என்னும் கவலை நீங்கியது. அதனோடு அச்சமும் நீங்கியது.

இந்நெறி நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் புகார் இந்திரவிழாவின் ஒளியில் நாம் கண்ட நகரம். அதன் தொடர்ச்சியான மணிமேகலையில், சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை அதே நகரின் சுடுகாட்டை நமக்குக் காட்டுகின்றது. கோதமையின் மகன் சார்ங்கலன் தனித்து அங்கே புகுகின்றான்; இறந்தாள் ஒருத்தியின் தலையைக் கையிலேந்தி ஆடும் பேயைக் காண்கின்றான்; தாயிடம் ஓடிவந்து உயிர்விடுகின்றான். சாத்தனார் இதற்கெனப் புதியதொரு நகரைப் படைக்கவில்லை. நாம் அறிந்த நகரின் மதிற்புறத்தே நாம் முன்னர்க் காணாத ஒன்று இருந்தது என்று மட்டுமே காட்டுகின்றார். முற்காப்பியத்தின் விழவொலியைக் கேட்ட செவிக்கே இச்சுடுகாட்டின் ஆந்தைக்குரல் முழுமையாகக் கேட்கும். இஷிமுராவிற்கு மீளுதலும் சக்கரவாளக் கோட்டத்திற்குள் புகுதலும் அமைப்பில் ஒரு தன்மையன என்பதை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அச்சம் மறுமுறை வருங்கால் நகையாகத் திரிதல் மற்றொரு போக்கு. சங்க இலக்கியப் போர்க்களத்துப் பேய் நடுக்கம் தருவது. தொடாக்காஞ்சியில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாவாறு மனைவி காத்து நிற்கும் காட்சியில் நகைக்கு இடமில்லை. கலிங்கத்துப் பரணிக்கு வரும்போது அப்பேய்கள் பசியால் முறையிடுகின்றன, களத்தில் கூழடுகின்றன, ஒன்றையொன்று எள்ளுகின்றன. சயங்கொண்டார் இதனை அறிந்தே செய்தார். அதனால் பரணி சிறந்தது. தமிழ்த் திரைப்படத்தில் இராகவா லாரன்சு 2007-இல் 'முனி'யும், 2011-இல் 'காஞ்சனா'வும், 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அதன் தொடர்ச்சிகளும் எடுத்தார். பேய்க்கு அஞ்சித் தாயின் பின் ஒளியும் தலைவனின் பேதைமையே அவற்றின் உயிர்நாடி. பேதைமையும் மடனும் நகைக்குரிய களன்கள் எனத் தொல்காப்பியர் கூறியிருத்தலை இங்கு நினைக. இப்படங்கள் அஞ்சுவிக்கவில்லை எனக் குறைகூறுவோர் பரணியைப் புறநானூற்றின் அளவுகோலால் அளப்பவர் ஆவர்.

'சந்திரமுகி'யின் நிலை வேறு. 2005-இல் வந்த முதற்படத்தில் சந்திரமுகி என்னும் ஆவி உண்மையன்று. கங்கா என்பாளின் உள்ளம் பிளவுபட்டதன் விளைவே அது என மருத்துவர் விளக்குகின்றார். விளக்கிய பின்னரும் அறையின் கதவும் சலங்கையொலியும் நம் மனத்தில் நிற்கின்றன. 2023-இல் வந்த இரண்டாம் படம் ஆவியை உண்மையாக்கியது. இதனால் முன்னோனின் முடிபோடு ஒவ்வாமை ஏற்பட்டதுடன் ஐயமும் அகன்றது. ஐயம் அகன்ற பேய் விலங்கோடு ஒத்தது. அதனை விரட்டுதல் ஒன்றே எஞ்சுகின்றது. 2015-இல் வந்த 'டிமாண்டி காலனி' நண்பர் நால்வரை ஓர் அறைக்குள் அடைத்து அஞ்சுவித்தது. 2024-இல் வந்த அதன் இரண்டாம் பாகம் விரித்தலை மேற்கொண்டும் ஆவியின் விதிகளை மாற்றாது காத்தமையால் 'சந்திரமுகி' போல் வீழவில்லை.

ஆட்டத்திற்கும் கூத்திற்கும் இடையே ஒரு வேறுபாட்டை இங்குச் சுட்டுதல் வேண்டும். அஞ்சியவனிடத்து நிகழும் அச்சம் அவன் மெய்யின்கண் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது இளம்பூரணர் கருத்து. கூத்தில் அஞ்சுபவன் கூத்தன், காண்பவன் வேறொருவன். ஆட்டத்திலோ இருவரும் ஒருவரே. ஆடுவோன் தான் அஞ்சித் திரும்பி ஓடினாலன்றித் திரையிலுள்ள தலைவன் ஓடமாட்டான். எனவே ஆட்டத்தில் அச்சம் காட்சியினால் மட்டும் அமைவதில்லை. செயலுக்கு விதித்த வரம்பினாலும் அமைகின்றது. கதை சிறந்திருந்தும் வரம்பு தளர்ந்தால் அச்சம் கெடும் என்பதற்கு 'அம்னீசியா' வரிசை சான்று. 2010-இல் வந்த முதலாட்டத்தில் தலைவனிடம் படைக்கலம் இல்லை. இருளில் நின்றால் மனத்தெளிவு குன்றும். விளக்கேற்றினால் எண்ணெய் தீரும். பேயை உற்று நோக்கினும் தெளிவு குன்றும். 2013-இல் வேறொரு நிறுவனத்தார் ஆக்கிய இரண்டாம் ஆட்டத்தின் உரைநடை செறிவானது. 1899-ஆம் ஆண்டு இறுதியின் இலண்டன் மாநகரில் நிகழும் அக்கதையை நான் உயர்வாகவே மதிக்கின்றேன். எனினும் அவர்கள் மனத்தெளிவு குன்றுதலையும் எண்ணெய் தீர்தலையும் நீக்கிவிட்டனர். ஆடுவோன் கதை கேட்பவன் ஆனான், அஞ்சுபவன் ஆகவில்லை. 2023-இல் வந்த 'பங்கர்' என்னும் ஆட்டம் இப்பிழையைத் திருத்தியது. முதல் உலகப்போர்க் காலத்து நிலவறை ஒன்று. பெட்ரோலால் இயங்கும் மின்னாக்கி ஒன்று. உலவும் கொடுவிலங்கு ஒன்று. இவ்வளவே அதன் களம். பெட்ரோல் தீர்ந்தால் இருள் சூழும். கைவிளக்கை இயக்கக் கயிற்றை இழுத்தால் எழும் ஒலி விலங்கைக் கூவி அழைக்கும். பொருள்கள் கிடக்கும் இடம் ஆட்டந்தோறும் மாறுதலின் வெல்லும் வழியறிவு பயனற்றுப்போகின்றது. விலங்கின் இயல்பறிவோ மிகுகின்றது. தொகுத்தல் வகை வழிநூலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

'ரெசிடென்ட் ஈவில்' வரிசையை விரித்துக் கூறின் இக்கட்டுரை நூலாகிவிடும். 1996-இல் ஒரு மாளிகையில் தொடங்கிய அது, 2012-இல் ஆறாம் ஆட்டத்தில் நான்கு தனிக்கதைகளாய்ப் பல நாடுகளில் பரந்து வெடியும் தீயுமாய் முடிந்தது. 2017-இல் ஏழாம் ஆட்டம் மீண்டும் ஒரு வீட்டிற்குள் ஒடுங்கி, அதன் குடும்பத்தாரையே பகைவராக்கியது. விருந்துக்கு அமர்த்தி வதைக்கும் அத்தந்தை, தாய், மகன் ஆகியோர் கள்வர் என்னும் களனுக்கு உரியவர். 2005-இல் வந்த நான்காம் ஆட்டம் அச்சத்தைக் குறைத்துப் பெருமிதத்தை மிகுவித்தது. ஆயினும் அது மிகச் சிறந்த ஆட்டம். மெய்ப்பாடு மாறியதால் மட்டும் ஒரு படைப்பை இகழ்தல் முறையன்று. தான் எம்மெய்ப்பாட்டைத் தருவதாகக் கூறிற்றோ அதனைத் தந்ததா என்பதே வினா.

இதுகாறும் அணங்கு, விலங்கு, கள்வர் என்னும் மூன்றனையே கண்டோம். தம் இறை என்னும் நான்காம் களன் ஆராய்ச்சியாளர் பெரிதும் கருதாது விட்டது. தன் பிழையை அறிந்தவன் தன்னைத் தண்டிக்கும் உரிமை உடையார்க்கு அஞ்சும் அச்சம் அது. இதனை அடிப்படையாகக் கொண்ட வழிநூல் 2001-இல் ஜப்பானில் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' இரண்டாம் ஆட்டம். 1999-இல் வந்த முதலாட்டத்தின் கதைமாந்தரை அது தொடரவில்லை. ஊரை மட்டும் எடுத்துக்கொண்டது. இறந்த மனைவியிடமிருந்து மடல் பெற்ற ஜேம்சு என்பான் அவளைத் தேடி அவ்வூர்க்கு வருகின்றான். நோயுற்றிருந்த அவளைக் கொன்றவன் தானே என்பதை அவன் தன்னிடமிருந்தே மறைத்து வைத்திருந்தான். இரும்புக் கூம்பைத் தலையாக உடைய கொலையாளி ஒருவன் அவனைத் தொடர்கின்றான். தன்னைத் தண்டிக்க ஒருவன் வேண்டும் என ஜேம்சின் உள்ளமே அவனை வேண்டிக்கொண்டது எனப் பின்னர்த் தெரிகின்றது. அவன் விலங்கும் அல்லன், பேயும் அல்லன், இறை. அச்சத்தின் அடியில் இழவு பற்றிய அழுகையும் ஓடுகின்றது. 2008-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஆக்கிய 'ஹோம்கமிங்' என்னும் பிற்பாகத்தில் இதே கூம்புத்தலையன் வேறொரு தலைவன் முன் வருகின்றான். அத்தலைவன் ஜேம்சின் பிழையைச் செய்தவன் அல்லன். உருவம் அதுவே, உறவு இல்லை. இறை விலங்காகிவிட்டது. வழிநூலார் முன்னோனின் உருவத்தைக் கொண்டு முடிபை விட்டமையே அதன் தோல்விக்குக் காரணம்.

இவ்வூர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துச் சென்ட்ரேலியாவைப் பார்த்து அமைந்தது எனப் பலரும் கூறுவர். 2006-இல் வந்த திரைப்படத்திற்கே அது பொருந்தும். திரைக்கதை எழுதியவர் அவ்வூரை முன்மாதிரியாகக் கொண்டார். சென்ட்ரேலியாவின் அடியிலுள்ள நிலக்கரி 1962-இல் தீப்பற்றி இன்றும் எரிகின்றது. மக்கள் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிட்டனர். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தில் முதற்பிரிவு இயங்கத் தொடங்கியதும் 1962-இலேயே. அந்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. கரியை எரித்து ஓர் ஊர் விளக்கேற்றிய ஆண்டில், கரி எரிந்து மற்றோர் ஊர் பாழாகத் தொடங்கியது. நகரியத்து மாணவர் அத்திரைப்படத்தின் சாம்பல் மழையைக் கண்டு சிறிது நேரம் பேசாதிருந்தமைக்கு இவ்வொப்புமையே காரணமாகலாம்.

ஆட்டத்தில் சாம்பல் இல்லை, மூடுபனியே உள்ளது. அப்பனி முதலில் கலைநோக்கால் மட்டும் வந்ததன்று. முதலாட்டம் வெளிவந்த பொறியால் தொலைவிலுள்ள காட்சிகளை வரைய இயலவில்லை. அக்குறையை மறைக்கப் பனியும் இருளும் பயன்பட்டன. 2012-இல் பழைய ஆட்டங்களைத் தெளிவான காட்சியோடு மீண்டும் வெளியிட்டபோது பனி குன்றி, அது மறைத்திருந்த வெற்றிடங்கள் வெளிப்பட்டன. ஆடுவோர் அதனைப் பெரிதும் குறைகூறினர். மொழிபெயர்ப்பாளன் மூலத்தின் பிழையெனக் கருதி ஒரு சொல்லை நீக்க, அச்சொல்லிலேயே பொருள் இருந்தமை பின்னர்த் தெரிந்தாற்போல்வது இது. 2024-இல் போலந்து நாட்டுப் புளூபர் நிறுவனத்தார் இரண்டாம் ஆட்டத்தை முற்றும் புதிதாக ஆக்கினர். அவர்கள் பொறிக்குத் தொலைவு ஒரு தடையன்று. ஊர் முழுவதையும் ஒருங்கே காட்ட அவர்களால் இயலும். அவர்கள் ஊரைப் பனியால் மூடியே வைத்தனர். ஜேம்சு அதற்குள் நடந்து செல்கையில், முன்னே வருவது மனிதனோ வேறொன்றோ என்பது அருகே வந்த பின்னரே தெரிகின்றது.